வெளுத்துப்போன டபிள்யூ.பி.சி. டெக்குக்கு பாலிஷ் போடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருவான்மியூரில், கடலிலிருந்து நாலைந்து தெரு தள்ளி வீடு. மொட்டை மாடியில் 280 சதுர அடிக்கு ஆறு வருடத்துக்கு முன் டபிள்யூ.பி.சி. டெக், அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையில் தளம் போட்டிருக்கிறீர்கள். தேக்கு நிறத்தில் இருந்தது இப்போது சாம்பலாகிவிட்டது. கறுப்புப் புள்ளிகள், அங்கங்கே வெள்ளைப் படலம், கிரில் ஓரமாகத் துருக்கறை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இரண்டு பலகை உப்பியிருக்கிறது. பார்க்க வந்த கான்ட்ராக்டர், மெஷின் வைத்து மொத்தமாகத் தேய்த்து மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் இரண்டு கோட் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார், சதுர அடிக்கு 140 ரூபாய் கேட்கிறார். செய்யலாமா?

வேண்டாம். அந்த 39,200 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு பலகையைத் தவிர மற்றவை நன்றாகத்தான் இருக்கின்றன. மேலே ஆறு வருடத்து அழுக்கும் பூஞ்சணமும் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பொங்கல் லீவில் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து செய்துவிடலாம். எந்தக் கறைக்கு எதைப் போடுகிறோம் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பராமரிப்பே தேவையில்லை என்று சொல்லித்தான் இந்தப் பலகையை விற்கிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதையே சொல்லி விற்றேன். மரத்துக்குப் போடுகிற மாதிரி வருடா வருடம் எண்ணெய், வார்னிஷ் வேண்டாம் என்பது உண்மை. கழுவவே வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பலகையில் பாதி அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் மரத்தூள், மீதி பெரும்பாலும் எச்.டி.பி.இ., அதாவது தண்ணீர் பைப்பும் கேனும் செய்கிற பிளாஸ்டிக். இரண்டையும் சூடாக்கிப் பிசைந்து, நிறமும் வெயில் தாங்குவதற்கான மருந்தும் சேர்த்து, முறுக்கு பிழிகிற மாதிரி அச்சு வழியாகப் பிழிந்து எடுப்பார்கள். கதவு நிலைக்கும் கிச்சன் அலமாரிக்கும் வாங்குகிற டபிள்யூ.பி.சி. பலகை வேறு சரக்கு, அது பெரும்பாலும் பி.வி.சி. நுரைப் பலகை. இரண்டையும் ஒன்றாக நினைத்து அதற்குப் போடும் பசையையும் பாலிஷையும் இதற்குப் போடுகிறார்கள். பாதிக் கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

முதல் வேலை, உங்கள் பலகை மேல்தோல் உள்ளதா இல்லாததா என்று பார்ப்பது. ஓரத்து மூடியைக் கழற்றி, அறுத்த முனையைப் பாருங்கள். உள்ளே ஒரு நிறம், சுற்றிலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு வேறு நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால் அது மேல்தோல் உள்ள பலகை. முழுக்கப் பிளாஸ்டிக்கான ஒரு தோலை மேலே போர்த்திப் பிழிந்தது. முனை முழுக்க ஒரே மாதிரி இருந்தால் தோல் இல்லாத பழைய ரகம். முனையைப் பார்க்க முடியாவிட்டால், கழுவிக் காய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து துடையுங்கள். பலகை கருத்து ஈரம் ஏறியிருந்தால் தோல் இல்லை. உங்களுடையது ஆறு வருடத்தில் சாம்பலாகியிருப்பதைப் பார்த்தால் தோல் இல்லாததுதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் மேல்தோல் உள்ளதில் உப்புத்தாள் படவே கூடாது. தோல் ஒரு முறை போனால் திரும்ப வராது.

நிறம் ஏன் போயிற்று? மரத்துக்குள் லிக்னின் என்று ஒரு பொருள் இருக்கிறது, நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை மாதிரி. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு அது உடையும், அடுத்த மழையில் கரைந்து ஓடும். மேலே மிஞ்சுவது வெளுத்த நார். இந்த வெளுப்பில் பெரும்பகுதி முதல் வருடத்திலேயே முடிந்துவிடும், அதற்கப்புறம் நிறம் ஓரிடத்தில் நின்றுவிடும். அதனால் இன்று நீங்கள் பார்க்கும் சாம்பலில் ஒரு பங்குதான் வெயிலின் வேலை, மீதி அழுக்கு. கழுவினால் பழைய தேக்கு நிறம் வராது, ஆனால் இப்போது இருப்பதைவிட நன்றாகவே அடர்ந்து வரும். உண்மையான நிறம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிய, ஊஞ்சல் காலுக்கோ பூந்தொட்டிக்கோ அடியில் இருந்த இடத்தைப் பாருங்கள்.

வேலைக்கு நாள் குறிப்பது முக்கியம். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. பூஞ்சணம் பெருகுவதும் அப்போதுதான். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் சுத்தம் செய்வது வீண், தை பிறந்த பிறகு செய்யுங்கள். வெயில் மிதமாக இருக்கும், போட்ட மருந்து உடனே காயாது, கழுவியது மாலைக்குள் உலர்ந்துவிடும். கத்திரியில் இதைத் தொடவே வேண்டாம். மே மாத மதியத்தில் அடர்நிறப் பலகையில் வெறுங்காலை வைக்க முடியாது, நீங்கள் ஊற்றுகிற சோப்புத் தண்ணீர் தேய்ப்பதற்குள் காய்ந்து திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பலகை இடுக்குகளைத் தோண்டுங்கள். புட்டி பிளேடோ பழைய ஹேக்ஸா பிளேடோ போதும். அங்கே அடைந்திருக்கும் இலையும் மண்ணும்தான் பூஞ்சணத்துக்கு வீடு, மேலே எத்தனை தேய்த்தாலும் அங்கிருந்து திரும்ப ஏறிவரும். உங்கள் தெருவில் பாதாம் மரம் இருந்தால் கூடுதல் கவனம். நாட்டு வாதுமை இலையில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் நிறைய, ஊறிக் கிடந்தால் டீ டிகாக்ஷன் மாதிரி கறை இறங்கும். அந்த நேரத்திலேயே ஓரத்தில் இரண்டு பலகையைக் கழற்றி அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலான டெக் மொட்டை மாடித் தளத்தின் மேல் சட்டம் வைத்துப் போட்டதுதான். சட்டங்கள் மாடியின் வாட்டத்துக்குக் குறுக்கே இருந்தால் மழைநீர் ஓடாமல் அங்கங்கே குட்டையாக நிற்கும். கீழே எப்போதும் ஈரம் என்றால் மேலே பூஞ்சணத்தை நிறுத்த முடியாது. கொசு வேறு. சட்டத்தின் அடியில் ஆங்காங்கே வெட்டி வழிவிட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

அப்புறம் வெறும் பாத்திரம் துலக்கும் லிக்விட், வெதுவெதுப்பான தண்ணீர், நைலான் பிரஷ். பலகையின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும், குறுக்கே கூடாது. பத்தடிக்கு நாலடி என்று பிரித்துக்கொண்டு, தேய்த்த பகுதியை அழுக்குத் தண்ணீர் காய்வதற்குள் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். டெக் கழுவினேன், வெள்ளையாகிவிட்டது என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த அலசலைச் சரியாகச் செய்யாதவர்கள். இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் நார் இரண்டும் வேண்டாம். உடைந்த துணுக்கு இடுக்கில் மாட்டி அடுத்த மழையில் துருப்பிடிக்கும். பிரஷர் வாஷர் வைத்திருந்தால் 100 பார் அழுத்தத்துக்கு மேல் போகாமல், விசிறி மாதிரி விரியும் நாசில் போட்டு, ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். கூரான நாசிலைக் கிட்டே பிடித்தால் மரநார் பிய்ந்து பலகை மேல் மயிர் மயிராக நிற்கும். பார்த்திருக்கிறேன்.

சோப்புக்குப் போகாத கறுப்புப் புள்ளிதான் பூஞ்சணம். நம் ஆட்கள் உடனே தேடுவது பிளீச்சிங் பவுடரை. அது பூஞ்சணத்தை வெளுக்கும், கூடவே உங்கள் பலகையின் மிச்ச நிறத்தையும் வெளுக்கும், இடுக்கில் சுண்ணாம்பாகப் படியும், கீழே பலகையைப் பிடித்திருக்கிற ஸ்டெயின்லெஸ் கிளிப்பையும் அரிக்கும். அதற்குப் பதில் சோடியம் பெர்கார்பனேட் வாங்குங்கள். ஆக்ஸிஜன் பிளீச் என்ற பெயரில் துணிக்கறை நீக்கும் தூளாக ஆன்லைனில் கிடைக்கிறது, பாரிமுனை பக்கம் கெமிக்கல் கடைகளில் கேட்டும் பார்க்கலாம். தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி, ஊற்றிப் பதினைந்து இருபது நிமிடம் காயாமல் நனைத்துக்கொண்டே இருந்து தேய்த்து அலசுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வீரியம் இருக்காது. பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடவும் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும்.

இதற்குப் பின் பலகை கொஞ்சம் கருத்துத் தெரியும், பயப்பட வேண்டாம். சோடாவின் காரத்துக்கு மரம் அப்படித்தான் காட்டும். அதைத் திருப்பவும், துருவுக்கும், இலைக்கறைக்கும் சேர்த்து ஒரே மருந்து ஆக்ஸாலிக் ஆசிட். வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும். லிட்டருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பூசி, பத்து நிமிடம் விட்டு, நன்றாக அலச வேண்டும். இது விஷம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், பிள்ளைகளும் நாயும் மாடிக்கு வரக்கூடாது.

உங்கள் கிரில் ஓரத்துத் துருக்கறைக்கு உப்புக்காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. கிரில் வைத்தபோது அங்கேயே வெல்டிங் செய்து கிரைண்டர் ஓட்டியிருப்பார்கள். பறந்த இரும்புப்பொறி பலகையில் பதிந்து, ஒவ்வொரு மழைக்கும் துருவை விடும். இரும்பும் மரத்தின் டானினும் சேர்ந்தால் கன்னங்கரேலென்று மையே தயாராகிவிடும். பழைய காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் போட்டு எழுதுகிற மை காய்ச்சியது இதே வேதியியல்தான். பூஞ்சணம் என்று நினைத்துப் பலர் பிளீச் ஊற்றுவது இந்தக் கறுப்பின் மேல். அது அசையாது, ஆக்ஸாலிக் பட்டால் கண்ணெதிரே கரையும். இனிமேல் மாடியில் வெல்டிங் என்றால் முதலில் ஈரச் சாக்கை விரித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கக் கூடாது, ஒன்றை அலசாமல் அடுத்ததை ஊற்றவும் கூடாது. குளோரின் வாயு வரும். பாத்ரூம் ஆசிட்டை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், கிளிப்பும் போகும், கீழே மாடியில் பதித்த தட்டு ஓடுகளும் போகும். இன்னொன்று, 2003-லிருந்து நம் ஊரில் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். உங்கள் மாடிக் குழாய் நேராகக் கிணற்றுக்கோ சேகரிப்புக் குழிக்கோ போகும். கழுவுகிற அன்று அந்தக் குழாயைத் திருப்பிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். இதை எந்தக் கான்ட்ராக்டரும் சொல்ல மாட்டார்.

வெள்ளைப் படலம் இரண்டு வகை. விரலால் தேய்த்தால் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால், மேற்பரப்புப் பிளாஸ்டிக் வெயிலில் உதிர்கிறது, கழுவுவதைத் தவிர செய்ய ஒன்றும் இல்லை. ஒட்டாமல் திட்டாக இருந்து, வினிகர் விட்டதும் மெல்ல நுரைத்துக் கரைந்தால் அது போர்த் தண்ணீரின் உப்பு. செடிக்கு ஊற்றுகிற, தொட்டி வழிகிற தண்ணீர் காய்ந்து படிந்தது. பாதித் தண்ணீர் பாதி வினிகர் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் முடிந்தால் மெட்ரோ தண்ணீர் பயன்படுத்துங்கள்.

சரி, அந்த பி.யூ. பாலிஷுக்கு வருவோம். ஒரு பிளாஸ்டிக் கேனில் பெயின்ட் அடித்துப் பாருங்கள், காய்ந்ததும் நகத்தால் உரித்துவிடலாம். எச்.டி.பி.இ. மெழுகுத் தன்மை கொண்டது, எதையும் ஒட்டவிடாது. பழசான, தோல் இல்லாத பலகையில் மரநார் வெளியே தெரிவதால் கொஞ்சம் பிடிக்கும், அதுதான் ஏமாற்றுகிறது. முதல் இரண்டு மூன்று மாதம் பளபளவென்று இருக்கும். ஆனால் பலகைக்கு அடிப்பக்கமும் முனைகளும் திறந்தேதானே இருக்கின்றன? மழையில் அங்கிருந்து ஈரம் ஏறி, மேலே வெளியேற வழியில்லாமல் பாலிஷை உப்ப வைத்து உரிக்கும். 2015-ல் நீலாங்கரையில் ஒரு வீட்டுக்கு நானே இதைச் செய்து கொடுத்தேன். ஆடியில் அடித்தது, அந்த வருட மழையைத்தான் எல்லோருக்கும் தெரியுமே, தை மாதம் போய்ப் பார்த்தால் பாம்புச் சட்டை மாதிரி தொங்குகிறது. மொத்தத்தையும் சுரண்டி எடுக்க இரண்டு ஆள் ஒன்பது நாள், என் செலவில். எண்ணெயும் அப்படித்தான். ஆளி விதை எண்ணெய் தேய்த்தால் நாலு நாள் அழகாக இருக்கும், அப்புறம் தூசி ஒட்டும், பூஞ்சணத்துக்கு விருந்தும் ஆகிவிடும்.

மெஷினில் தேய்ப்பதும் நிரந்தரம் இல்லை. புது மரத்தூள் வெளியே வரும், நிறம் வெளிறும், அதுவும் அடுத்த வெயிலில் முதலிலிருந்து வெளுக்க ஆரம்பிக்கும். மேலே அச்சிட்ட மரவரி போய்விடும், திரும்ப வராது. பறக்கிற தூளில் பாதி பிளாஸ்டிக். அது பக்கத்து மாடிக்கும், நான் மேலே சொன்ன சேகரிப்புக் குழிக்கும் போகும். கீறல், தீக்காயம் மாதிரி இடங்களில் மட்டும், தோல் இல்லாத பலகை என்றால், 80 நம்பர் உப்புத்தாளால் நீளவாக்கில் கையால் தேய்க்கலாம். தேய்த்த இடம் பளிச்சென்று தெரியும், இரண்டு மூன்று மாத வெயிலில் சுற்றத்தோடு சேர்ந்துவிடும்.

எல்லாம் கழுவி இரண்டு வாரம் கழித்தும் நிறம் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் இரண்டு வழி இருக்கிறது. டெக்குக்கென்றே வரும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் ஸ்டெயினை மெல்லிசாக ஒரு கோட் பூசலாம், ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் திட்டுத் திட்டாகத் தெரியும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, பலகையைத் திருப்பிப் போடுவது. தோல் இல்லாத ரகத்தில் பெரும்பாலும் ஒரு பக்கம் மரவரியும் மறுபக்கம் கோடு கோடாகவும் இருக்கும், இரண்டும் பயன்படுத்தத்தான். ஆறு வருடம் வெயில் படாத பக்கம் உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. கிளிப்பைக் கழற்றி, கழுவி, கவிழ்த்து மாட்டினால் ஏறக்குறையப் பழைய தேக்கு நிறம். அதுவும் ஒரு வருடத்தில் வெளுக்கும், ஆனால் மொத்தமாக, ஒரே சீராக வெளுக்கும். கழற்றும்போது துருப்பிடித்த ஸ்க்ரூ இருந்தால், கடலுக்கு இத்தனை பக்கத்தில் 316 ரகம் ஸ்டெயின்லெஸ்ஸே போடுங்கள், 304 அங்கே பழுப்பேறும்.

மாட்டும்போது முனைக்கு முனை இடைவெளி விட மறக்காதீர்கள். மூன்று மீட்டர்ப் பலகை டிசம்பர் விடியற்காலைக்கும் மே மதியத்துக்கும் நடுவே நாலு மில்லிமீட்டர் வரை நீளும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அந்த இடைவெளியில் சிலிக்கான் அடைத்து, கத்திரியில் பலகை வில்லாக எழும்பி நின்ற வீடுகள் உண்டு.

இனி அன்றாடம். கார்த்திகை அகலை நேராகப் பலகையில் வைக்காதீர்கள், எண்ணெய் இறங்கினால் தோல் இல்லாத பலகை உறிஞ்சிவிடும். சிந்திவிட்டால் அன்றைக்கே டால்கம் பவுடர் கொட்டி ஊறவிட்டு, சோப்பு வெந்நீரில் கழுவுங்கள், ஒரு வாரம் விட்டால் கறை அங்கேயே தங்கிவிடும். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பைக் கீழே போட்டால் கம்பி அளவுக்கு ஒரு பள்ளம் விழும், இந்தப் பிளாஸ்டிக் சுமார் 130 டிகிரியிலேயே இளகிவிடும். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். அரிசி மாவுக் கோலம் தாராளமாகப் போடலாம், காவி மட்டும் வேண்டாம், மரவரிக்குள் போய் உட்கார்ந்தால் கிளப்புவது கஷ்டம். மஞ்சள் கறைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், வெயிலே அழித்துவிடும். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி மஞ்சளாக ஒரு சதுரம் விட்டுவிடும், அது போகாது. பூந்தொட்டிகளை ஒரு அங்குலம் தூக்கி வையுங்கள், கீழே காற்று போகட்டும். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என வருடத்துக்கு இரண்டு முறை சோப்புத் தண்ணீர் போதும்.

உப்பிய அந்த இரண்டு பலகையைக் கழுவிப் பயனில்லை, உள்ளே தண்ணீர் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். புதுப் பலகையை அங்கேயே போட்டால் பளிச்சென்று தனியாகத் தெரியும். ஊஞ்சலுக்கு அடியிலோ மூலையிலோ இருக்கிற பழைய பலகையைக் கழற்றித் தொட்டிப் பக்கம் போட்டுவிட்டு, புதுசை அந்த மறைவான இடத்தில் மாட்டுங்கள். வாங்கும்போது இரண்டு பலகை கூடுதலாக வாங்கி, ஸ்டோர் ரூமில் வைக்காமல் மாடியிலேயே வெயிலில் போட்டுவையுங்கள், அடுத்த முறை மாற்றும்போது நிறம் ஒத்துப்போகும். அதற்கு முன் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயைத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுசும் இரண்டு மழைக்காலம் தாண்டாது.